ஜித்தாவில் கடை அடைக்கும் நேரம்

வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு அதன்மேல் குறுக்காக இன்னொன்று. வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் ஏ. இப்போது எமிஸ் செயலியில் விரலால் தட்டினால் போதும், சென்னைவரை போய்விடும். ஆனாலும் நீளமான அந்தத் தாள் பதிவேட்டை நான் விடவில்லை. ஒரு மாதத்தை ஒரே பார்வையில் பார்க்க அதுதான் வசதி. திங்கட்கிழமைகளின் கட்டம் மட்டும் சிவந்து கிடப்பது தெரியும். ஒரே பையனுக்குச் செவ்வாயும் வியாழனும் மாறிமாறி ஏ விழுந்திருப்பது தெரியும். பெருநாளைக்கு முந்தின வாரமும் கல்யாண மாதமும்கூடத் தனித்துத் தெரியும். பிள்ளை ஏன் வரவில்லை என்று வீட்டில் கேட்டால் காய்ச்சல், வயிற்றுவலி, சொந்தக்காரர் கல்யாணம் என்பார்கள். பதிவேடு வேறு காரணம் சொல்லும். பெரும்பாலும் அந்தப் பிள்ளை முந்தின ராத்திரி தூங்கியிருக்காது.

1993 ஜூனில் காயல்பட்டினத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். எனக்கு ஊர் ஆத்தூர், தாமிரபரணிக் கரை. பஸ்ஸில் ஏறினால் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் முடிந்து, சாகுபுரத்து ஆலையும் உப்பளமும் வந்து, ஆறுமுகநேரி தாண்டி இறங்க வேண்டும். பொதுவாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளே எனக்கு அமையும். வகுப்பாசிரியர் பொறுப்பும் கூடவே வரும். ஆகவே வராத பிள்ளைகளைத் தேடிப் போவது என் வேலை. பெண்ணாக இருந்தது இந்த ஊரில் பெரிய வசதி. இங்கே தெருவுக்குத் தெரு பெண்கள் நடமாடுவதற்கென்றே முடுக்குகள் உண்டு. ஆண்கள் வாசல் வழியாகப் போனால் திண்ணையோடு நிற்க வேண்டியதுதான். நான் முடுக்கு வழியாக நேரே அடுப்படிக்கே போய்விடுவேன். தூங்கிக் கிடக்கிற பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

என் வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு ஒரே ராத்திரி கிடையாது. ஊருக்குள் இருக்கிற வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று, கொம்புத்துறை, சிங்கித்துறைக் கடலோடிப் பிள்ளைகளுக்கு ஒன்று, உப்பளத்துக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பள்ளி மணி மட்டும் எல்லாருக்கும் ஒன்பதரைக்கு அடிக்கும்.

ஆரம்பத்தில் எனக்குச் சந்தேகம் ஹிப்ழு பிள்ளைகள் மேல்தான் இருந்தது. குர்ஆனை மனனம் செய்கிற பையன்கள் விடியற்காலைத் தொழுகைக்கான சுப்ஹு பாங்குக்கு எழுந்துவிடுவார்கள். கோடையில் ஐந்து மணிக்கு முன்னாலேயே பாங்கு. தை மாதத்தில் ஐந்தேகாலையும் தாண்டும். தொழுகை முடிந்ததும் மதரஸா. அங்கே ஒன்றரை மணி நேரம் ஓதிவிட்டு வீடு வந்து, குளித்து, பள்ளிக்கு வர வேண்டும். இவ்வளவு சீக்கிரம் எழுகிற பிள்ளை வகுப்பில் தூங்கி விழத்தானே செய்வான் என்று நினைப்போம். பதிவேட்டைப் பார்த்தால் இந்தப் பையன்களுக்கு ஏ விழுவதே அபூர்வம். காரணத்தை ஒரு பையனின் உம்மாதான் சொன்னார்: "இஷா தொழுதுட்டு வந்து சோறு தின்னுட்டுப் படுத்துருவான் டீச்சர், அதுக்கு மேலே அவனுக்கு முழிக்கத் தெரியாது." ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் ஆயிற்று. பகலில் ஒரு சின்னக் கண்ணயர்வும் உண்டு. சீக்கிரம் எழுவதில் ஒரு கெடுதலும் இல்லை. படுக்கிற நேரம்தான் பிள்ளையைக் கெடுக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதே தெருவில் இன்னொரு பையன். எட்டாம் வகுப்புவரை முதல் மூன்று ராங்குக்குள் வந்தவன், ஒன்பதாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் வருவதில்லை. வந்தாலும் முதல் பீரியடில் ஜாமெட்ரி பாக்ஸ் மேல் கன்னத்தை வைத்துத் தூங்குவான். எழுப்பினால் பாக்ஸ் மூடியில் புடைத்திருக்கிற எழுத்து கன்னத்தில் திருப்பிப் பதிந்திருக்கும். வகுப்பே சிரிக்கும். முடுக்கு வழியாக அவன் வீட்டுக்குப் போனேன். மணி பத்தேகால். வெள்ளைச் சுவரில் சாய்த்து வைத்த தலையணையோடு ஆழ்ந்த தூக்கம். உம்மா சங்கடத்தோடு சொன்னார்: "அவங்க வாப்பா ஜித்தால கடை அடைச்சிட்டுத்தான் பேசுவாஹ டீச்சர். மூத்த மவன் முகத்தைப் பாக்காம அவஹளுக்குத் தூக்கம் வராது."

அங்கே கடை அடைக்கும்போது மணி பத்தரை. நமக்கும் சவூதிக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஆக இங்கே ஒன்று. வாப்பா பேசி முடித்து, தங்கச்சி பேசி, உம்மா பேசி, பிறகு அந்த போன் பையன் கையிலேயே தங்கிவிடும். இரண்டு, இரண்டரை. சுப்ஹுக்கு எழுப்பினால் எழுந்து தொழுதுவிட்டு மறுபடி படுப்பான். அந்த இரண்டாம் தூக்கத்திலிருந்து ஒருவரும் அவனை எழுப்ப முடியாது.

இதைக் கேட்ட பிறகு வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். யார் வாப்பா எந்த ஊரில் என்பது எனக்கு முன்பே தெரியும். துபாய் என்றால் ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி என்றால் இரண்டரை. ஹாங்காங் என்றால் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். காயல்காரர்கள் தலைமுறையாக ரத்தினக்கல் வியாபாரத்துக்கும் மற்ற வியாபாரத்துக்கும் ஹாங்காங் போகிறவர்கள். அங்கே ராத்திரி பத்து என்றால் இங்கே ஏழரை மணிதான். ஹாங்காங் வாப்பா "நல்லாப் படி, நேரத்தோட தூங்கு" என்று சொல்லி போனை வைக்கும்போது பிள்ளை வீட்டுப் பாடத்தையே தொடங்கியிருக்காது. கொழும்பு என்றால் நமக்கும் அவர்களுக்கும் ஒரே மணி. என் வகுப்பில் முதல் பீரியடில் தூங்குகிற பிள்ளைகளின் வாப்பாமார் பாதிப் பேருக்கு மேல் சூரியன் நமக்குப் பின்னால் மறைகிற நாடுகளில் இருந்தார்கள். இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒரு வகுப்பு, ஒரு டீச்சர் பார்த்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது இல்லை. அப்போது கடிதமும், பேசிப் பதிவு செய்து அனுப்புகிற கேசட்டும், வாரம் ஒருநாள் ஐஎஸ்டி பூத்தில் வரிசையில் நின்று பேசுகிற நாலு நிமிடமும்தான். பிரிவு அப்போது கொடுமையாக இருந்தது, பிள்ளைகள் மட்டும் ஒன்பது மணிக்குத் தூங்கினார்கள். பிறகு முகம் பார்த்துப் பேசுகிற ஐஎம்ஓ செயலி வந்தது, அதற்குப் பின்னால் என்னென்னவோ வந்தன. வாப்பா தினமும் முகம் காட்டினார், தூக்கம் போயிற்று. இதில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், வாப்பா முகம்தான் நல்லது என்பேன். அதனால்தான் போனைப் பிடுங்குங்கள் என்று அந்த வீடுகளில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பெற்றோர் கூட்டத்தில் செல்போன் ஒழிக என்று பேசிவிட்டுப் போகிற சிறப்பு விருந்தினர்களுக்கு இந்தத் தெருவில் பாதி வீடு போனுக்குள் இருப்பது தெரியாது.

டாக்டர்கள் சொல்கிற அளவு தெளிவானது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்றிலிருந்து பதினெட்டுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட கணக்கு இது. வயசுக்கு வருகிற பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள். தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் சின்னப் பிள்ளைக்குச் சுரக்கிற நேரத்தைவிடத் தாமதமாகவே பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சுரக்கும். ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் அவன் புரளுவது அழும்பு இல்லை. அந்த நேரத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் போன் வெளிச்சமும் சேர்ந்தால், சுரக்க வேண்டியது இன்னும் பிந்தும்.

இதை வைத்து அமெரிக்காவில் பள்ளி மணியையே தள்ளிவைத்தார்கள். சியாட்டில் நகரத்தில் 2016இல் மேல்நிலைப் பள்ளிகளை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். பிள்ளைகள் நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடத் தூங்கியதாக அளந்து சொன்னார்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் வருகையும் கூடியது. கலிபோர்னியாவில் 2022இலிருந்து மேல்நிலைப் பள்ளியை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இதைச் சொல்லி, நாமும் மணியை மாற்ற வேண்டும் என்று ஒருவர் ஆவேசமாகப் பேசினார். அவர்கள் போராடி வாங்கிய எட்டரையைவிட நம் மணி ஒரு மணி நேரம் பிந்தித்தானே அடிக்கிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கேரளத்தில் இந்த விவகாரம் நேர் எதிராகத் திரும்பியது. அங்கே 2025இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை அரை மணி கூட்டி, காலையில் 9.45க்கே தொடங்க ஏற்பாடு செய்தபோது, மதரஸா நேரம் பாதிக்கும் என்று சமஸ்தா என்ற அமைப்பின் உலமாக்கள் எதிர்த்தார்கள். பிள்ளையின் காலைப் பொழுது அவன் பிறப்பதற்கு முன்பே பலருக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. மணியைப் பத்து மணிக்குத் தள்ளினால் ஜித்தாப் பையன் இன்னும் அரை மணி கழித்துப் படுப்பான், அவ்வளவுதான்.

தூக்கம் கெடுவது எப்படி ஏ ஆக மாறுகிறது என்பதை வாசலில் நின்றால் பார்க்கலாம். ஒன்பதரைக்கு வாட்ச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டுவார். ஒன்பது நாற்பதுக்கு வருகிற பிள்ளை வெளியே நிற்க வேண்டும், பிரேயர் முடிந்து பெயர் எழுதிக்கொண்டு, திட்டு வாங்கி, சில நாள் முட்டி போட்டு, அப்புறம்தான் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்த அவமானம் தாங்காது. ஒன்பது முப்பத்தைந்துக்குக் கண் விழித்தால் "இனிமே போயி என்னத்துக்கு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். பத்து நிமிடத் தாமதம் ஒரு நாள் விடுப்பாகிவிடும். இரண்டு நாள் வராத பிள்ளைக்கு மூன்றாம் நாள் கணக்கு புரியாது, புரியாத பிள்ளைக்கு நாலாம் நாள் வயிறு வலிக்கும். இந்தச் சங்கிலியில் பள்ளிக்கூடத்தின் கைக்கு எட்டுகிற இடம் அந்த கேட்டுதான். தலைமையாசிரியர் ஒருவரிடம் விடாமல் பேசி, பத்து மணிவரை வருகிற பிள்ளையைப் பெயர் மட்டும் எழுதிவிட்டு உள்ளே அனுப்புவது என்று ஒரு வருடம் நடத்திப் பார்த்தோம். ஒழுங்கு கெட்டுப்போகும் என்றார்கள் பலர். தாமதமாக வருகிறவர்கள் கூடத்தான் செய்தார்கள், மறுப்பதற்கில்லை. ஏ குறைந்தது. எனக்கு அது நல்ல பேரமாகப் பட்டது. அதே வருடம் கணக்கை முதல் பீரியடிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றிக்கொண்டேன்.

உப்பளத்துப் பெண்பிள்ளை கதை வேறு. அம்மா ராத்திரி மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாள். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது, வெள்ளை உப்பின் கூச்சம் கண்ணைப் பிடுங்கும். ஆகவே இருட்டிலேயே வாரத் தொடங்கி, முற்பகலில் முடித்துவிடுவார்கள். அம்மா போன பின் கதவைத் தாழ்ப்பாள் போட மூத்தவள் எழுவாள். பதினான்கு வயது. எழுந்தவளுக்கு மறுபடி உறக்கம் வராது, வந்தாலும் தம்பிகள் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். ஐந்தரைக்கு உலை வைத்து, இரண்டு தம்பிகளையும் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அவர்கள் பள்ளியில் விட்டுவிட்டு அவள் வரும்போது கேட் பூட்டியிருக்கும். "ஏன் லேட்டு?" என்று கேட்டால் ஒன்றும் பேச மாட்டாள். 2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. தம்பிகள் இருவரும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், பள்ளியிலேயே ரவா உப்புமாவோ பொங்கலோ கிடைத்தது. உலை வைக்கிற வேலை போயிற்று. ஒரு மாதம் கழித்து அவள் பிரேயரில் நிற்பதைப் பார்த்தேன். காலை உணவால் பிள்ளைகள் பசியாறினார்கள் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள், அது சரிதான். அக்காக்கள் தூங்கினார்கள் என்பதையும் யாராவது எழுதலாம்.

கடலோடிப் பையன்களின் தூக்கத்துக்கு என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. மீன் பாடு உள்ள நாட்களில் அப்பாவோடு விடியுமுன்னே போவான், கரையேறி வலை உதறி வருவதற்குள் மதியமாகிவிடும். மதிய மணிக்கு வந்து உட்காருகிறவனை "காலைல எங்கலே போன?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அவன் கை சொல்லிவிடும். அவனுக்குக் குறுக்குக்கோடு மட்டும் போடுவேன்.

ஜித்தாப் பையன் விஷயத்தில் வழி சொன்னது நானில்லை, அவனுடைய உம்மா. "நேரத்தை மாத்தச் சொன்னா அவஹ சுப்ஹு தொழுதுட்டுத்தான் பேசணும்" என்று அலுப்பாகச் சொன்னார். நான் அந்த அலுப்பைப் பிடித்துக்கொண்டேன். ஜித்தாவில் சுப்ஹு முடிந்து வீடு திரும்புகிற நேரம் இங்கே எட்டு மணி வாக்கில் வரும். பிள்ளை குளித்துத் தலை வாரி, டையைத் தேடுகிற நேரம். வாப்பாவுக்கும் அதற்கு மேல் கடை திறக்கும்வரை படுக்கை உண்டு. முதலில் அவருக்குச் சம்மதமில்லை. ராத்திரி பேசினால் ஆற அமரப் பேசலாம், காலையில் என்ன பேசுவது என்று கேட்டாராம். நியாயந்தான். வெள்ளி ராத்திரியும் சனி ராத்திரியும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும், மற்ற நாள் காலையில் என்று முடிவாயிற்று. ஒரு மாதத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வாப்பா தினமும் யூனிபார்மில் மகனைப் பார்க்கத் தொடங்கினார். எட்டு மணிக்கு போனில் கைலியோடு உட்கார்ந்திருந்தால், "ஏன்டா இன்னும் கெளம்பல?" என்று அங்கிருந்து சத்தம் வரும். நான் முடுக்கில் நடந்து செய்த வேலையை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து செய்தார். அந்த உம்மா மற்ற உம்மாக்களிடம் சொல்ல, அந்த முடுக்கில் மூன்று நாலு வீடு இதே மாதிரி மாற்றிக்கொண்டது. எல்லா வீட்டிலும் நடக்கவில்லை. ஒரு வாப்பாவுக்கு அங்கே ராத்திரி ஷிப்ட். இன்னொரு வீட்டில் வாப்பா காலையில் பேசினார், பையன் ராத்திரியில் கேம் விளையாடினான்.

வெள்ளி, சனி ராத்திரிகளை விட்டுக்கொடுத்ததால் திங்கட்கிழமை மட்டும் இன்னும் எனக்குச் சவால்தான். சனி, ஞாயிறு பதினொரு மணிவரை தூங்கிய பிள்ளைக்கு ஞாயிறு ராத்திரி ஒரு மணிக்கு முன் உறக்கம் வராது. விமானம் ஏறாமலே அவன் ஜித்தா நேரத்துக்குப் போய்விடுகிறான். லீவு நாளிலும் எட்டு மணிக்கு எழுப்பி, வேண்டுமானால் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் ஒரு முக்கால் மணி படுக்க விடுங்கள் என்று சொல்கிறேன். "லீவு நாள்ல கூடவா டீச்சர்?" என்பார்கள் உம்மாக்கள். பாவம், அவர்களுக்கும் அன்றைக்குத்தான் கொஞ்சம் அமைதி.

2023 டிசம்பர் 17, 18 மழையைச் சொல்லாமல் இந்த ஊரின் தூக்கத்தைப் பேச முடியாது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. அரையாண்டுத் தேர்வு சமயம். பள்ளி திறந்த பின்னும் சில பிள்ளைகள் வகுப்பில் சாய்ந்து சாய்ந்து விழுந்தார்கள். ராத்திரி தகரத்தில் தூறல் விழுந்தாலே எழுந்து வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்ததாக ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை சொன்னாள். அதற்கு அட்டவணை போட்டு ஒன்றும் செய்ய முடியாது. அவள் கட்டிலை உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்கள், கோடை வந்ததும் தானாகச் சரியாயிற்று. அடுத்த ஐப்பசி பிறந்ததும் மறுபடி வந்தது.

பத்தாம் வகுப்புக்கு ஏழரை மணி சிறப்பு வகுப்பு வைப்பதை மட்டும் நான் கடைசிவரை எதிர்த்திருக்கிறேன். பாஸ் சதவீதம் என்ற ஒரே பயத்தில் வைக்கிறார்கள். ஏழரைக்கு வந்து தூங்குகிற பிள்ளை ஒன்பதரைக்கும் தூங்குகிறது. ராத்திரி பதினொரு மணிவரை டியூஷன், காலையில் சிறப்பு வகுப்பு, நடுவில் கிடைத்ததுதான் தூக்கம். படித்தது மூளையில் தங்குவதே தூக்கத்தில்தான் என்று விஞ்ஞானப் பாடத்தில் நாமே நடத்திவிட்டு, நாமே அதைப் பறிக்கிறோம். ஒரு வருடம் தலைமையாசிரியர் அறையில் சத்தம் போட்டதில் அதைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் மறுபடி காலைக்கே போயிற்று.

நோன்பு மாதத்தில் ஊர் முழுவதுமே ராத்திரிக்குக் குடிபெயர்ந்துவிடும். தராவீஹ் முடிந்து பத்தரைக்குத் தெருவெல்லாம் வெளிச்சம், வாடாவும் சர்பத்தும் கடலோரக் கூட்டமும். பிறகு சஹர் சாப்பாடு, சுப்ஹு, அதற்குப் பின்தான் உறக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபின் வந்த முதல் நோன்பு 1994 பிப்ரவரியில். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து நகர்ந்து, அரையாண்டு, காலாண்டு, கோடை விடுமுறை எல்லாவற்றையும் கடந்து, 2026இல் மறுபடி பிப்ரவரிக்கே வந்துவிட்டது. இடையில் 2024இலும் 2025இலும் பொதுத்தேர்வும் நோன்பும் ஒரே மாதத்தில் விழுந்தன. தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: தராவீஹ் தொழுங்கள், அதற்கப்புறம் கடைத்தெருப் பக்கம் போகாமல் நேரே படுக்கைக்கு, சஹருக்கு எழுந்து சாப்பிட்டு சுப்ஹு தொழுதபின் புத்தகம், தேர்வு முடிந்து ஒன்றேகாலுக்கு வெளியே வந்ததும் லுஹர் தொழுது அஸர்வரை தூக்கம். இரண்டு துண்டாகத் தூங்கினாலும் கூட்டினால் ஏழு மணி நேரம் வரும். பள்ளிவாசல் இமாம் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தராவீஹ் முடிந்ததும் பரீட்சைப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அவரே ஒலிபெருக்கியில் சொன்னார். நான் பத்து வீட்டுக்கு நடந்து சொன்னதைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

2030இல் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நோன்பும் டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பும் தொடங்கும். அரையாண்டுத் தேர்வும் பொதுத்தேர்வும் இரண்டுமே தப்பித்துக்கொள்ளும். நான் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பேன். இப்போது என்னோடு கணக்கு எடுக்கிற சின்ன டீச்சர் அவள் வகுப்புப் பிள்ளைகளின் வாப்பா ஊர்களைக் கேட்டு, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறாள். சவூதி பதினொன்று, துபாய் ஒன்பது, ஹாங்காங் நாலு, உப்பளம் ஆறு, கடல் மூன்று. அடுத்த வருட அட்டவணை போடும்போது முதல் பீரியடை உடற்கல்விக்குக் கேட்கப்போகிறாளாம். பி.இ.டி. சாருக்கு இன்னும் சம்மதமில்லை. காலையில் மைதானத்தில் பனி இருக்கும் என்கிறார்.